இலக்கம் சரி, கால்தான் கொள்ளவில்லை: பழைய தோற் சப்பாத்துச் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் "தம்பி, உனக்கு எத்தனையாம் நம்பர் சப்பாத்து?" என்று கேட்டபோது, நான் சற்றும் யோசியாமல் "ஒன்பது" என்றேன். சில மாதங்கள் கழித்துப் பெட்டியில் வந்து சேர்ந்த கறுப்புச் சப்பாத்து அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் தைக்கப்பட்டது, உள்ளே 9 என்ற இலக்கம் தெளிவாக இருந்தது, தோலும் மினுமினுத்தது. என் விரல்கள் மட்டும் உள்ளே மடங்கிக் கிடந்தன. அமெரிக்க ஒன்பது, நாங்கள் இலங்கையில் பழகிய இங்கிலாந்து அளவில் ஏறத்தாழ எட்டுத்தான் என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது.

இங்கிலாந்து அளவிலும் அமெரிக்க அளவிலும் ஓர் இலக்கத்துக்கும் அடுத்த இலக்கத்துக்கும் இடையிலான வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர் ஆகும். வாற்கோதுமை மணி ஒன்றின் நீளத்தை அலகாகக் கொண்ட பழைய வழக்கின் எச்சம் அது. எண்ணத் தொடங்கும் இடம் வேறுபடுவதால்தான் இரண்டு நாட்டு இலக்கங்களும் ஒத்துப்போவதில்லை. ஐரோப்பிய இலக்கத்தின் படியோ 6.67 மில்லிமீற்றர்தான். பழைய சப்பாத்துகளில் இலக்கம் பெரும்பாலும் உட்புறத் தோலில் மையாலோ அச்சாலோ குறிக்கப்பட்டிருக்கும். அதனருகே தொழிற்சாலைக்குரிய வேறு எண்களும் இருப்பதால், அவற்றிலொன்றை அளவென்று வாசித்துப் பணத்தை இழந்தவர்களும் உண்டு.

இலக்கத்தை அடுத்துவரும் எழுத்தைப் பலர் கவனிப்பதேயில்லை. அது அகலத்தைக் குறிப்பது. அமெரிக்க ஆண்கள் சப்பாத்தில் டி என்பது சாதாரண அகலம். பி, ஏ என்பவை ஒடுங்கியவை. இங்கிலாந்தின் தயாரிப்பாளர்களுள் சிலர் ஈ என்பதையும் சிலர் எஃப் என்பதையும் சாதாரண அகலமாகக் கொள்வதால், எழுத்தை மட்டும் வைத்து ஒரு நாட்டுச் சப்பாத்தை மற்ற நாட்டினதோடு ஒப்பிட முடியாது. இரண்டு வெவ்வேறு எழுத்துகள் சேர்ந்து வந்தால் ஒன்று முன்பாதத்துக்கும் மற்றது குதிக்கும் உரியவை.

இனி எங்கள் ஊரில் அதிகம் காணப்படும், என் கணிப்பில் மிக மோசமான தவறுக்கு வருவோம். வெறுங்காலோடும் ரப்பர்ச் செருப்போடும் வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் விரிந்திருப்பது இயல்பு. ஒடுங்கிய சப்பாத்து கடிக்கும்போது, அகலமானதைத் தேடாமல் ஓர் இலக்கம் கூடியதை வாங்கிவிடுகிறார்கள். அகலம் சற்றுக் கிடைப்பது உண்மை. ஆனால் சப்பாத்து மடிவதற்கென்று வைக்கப்பட்ட இடம், காலின் பெருவிரல் மூட்டைத் தாண்டி முன்னே போய்விடுகிறது. நடக்கும்போது கால் ஓரிடத்திலும் சப்பாத்து இன்னோரிடத்திலும் மடிய, தோலில் எதிர்பாராத இடத்தில் சுருக்கம் விழுந்து விரலை அழுத்துகிறது. பின்னால் குதி கழன்று கழன்று வருகிறது. அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரைச் சேர்ந்த சார்ல்ஸ் பிரனொக் 1920களில் உருவாக்கிய, இன்றும் கடைகளில் காணப்படும் கால் அளவுக் கருவி முழு நீளம், அகலம், குதியிலிருந்து பெருவிரல் மூட்டு வரையிலான தூரம் என மூன்றை அளப்பது இதனால்தான். முழு நீளம் ஒன்றாக இருக்கும் இருவருக்கு இந்த மூன்றாவது அளவு வேறுபடலாம்; நீண்ட விரல்கள் உடையவருக்கு அது குறைவாகவும், குட்டை விரல்கள் உடையவருக்குக் கூடுதலாகவும் இருக்கும்.

அக்கருவி கைக்கெட்டாவிட்டாலும் குறையில்லை. பகல் முழுவதும் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், தாளொன்றின்மேல் நின்று இரு கால்களையும் வரைந்து, குதியின் பின்விளிம்பிலிருந்து பெருவிரல் மூட்டு புடைத்திருக்கும் இடம்வரை அளந்து கொள்ளுங்கள். இரு கால்களும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய காலுக்கே வாங்க வேண்டும். விற்பவரிடம் அடித்தோலின் நீளத்தையும் மிக அகன்ற இடத்தின் அளவையும் கேளுங்கள். ஆனால் அடித்தோல் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால், அந்த அளவைக் காலோடு அல்லாமல், உங்களுக்கு ஏற்கெனவே பொருந்துகின்ற, அதேவகைத் தையலுடைய சப்பாத்தோடு ஒப்பிடுவதே முறை.

"போடப் போடச் சரிவரும்" என்பது பாதி உண்மை. தோல் அகலவாக்கில் சிறிது இளகும், நீளவாக்கில் இளகாது. அத்துடன், தரமான பழைய சப்பாத்தின் உள்ளடித் தோலுக்குக் கீழே தக்கை நிரப்பப்பட்டிருப்பதால், முன்னர் அணிந்தவரின் பாதம் அங்கே குழியாகப் பதிந்திருக்கும். உங்கள் விரல்கள் அந்தக் குழிகளோடு ஒத்துப்போகாவிட்டால், இலக்கம் எதுவாக இருந்தாலும் அது இன்னொருவருடைய சப்பாத்துத்தான். குதி கழல்கிறதென்று உள்ளே தடித்த அட்டையை வைப்பவர்கள் குதியை மேலும் உயர்த்தி நிலைமையைக் கெடுக்கிறார்கள். நாக்குத் தோலின் கீழ்ப்புறத்தில் மெல்லிய பஞ்சுத்துண்டு ஒட்டினால் கால் பின்னே தள்ளப்பட்டுப் பொருந்தும். கயிறு கட்டும் இரு விளிம்புகளும் சேர்ந்து மூடும் ஒக்ஸ்போர்ட் வகையை இறுக்கியபின், விளிம்புகளிடையே சிறிய இடைவெளி இருப்பது நன்று. முற்றாக ஒட்டிவிட்டால் உங்கள் கால்மேடு, அதாவது பாதத்தின் மேல்வளைவு, அதற்குத் தாழ்வு. கால்மேடு உயர்ந்தவர்களுக்கு, விளிம்புகள் திறந்து விரியும் டேர்பி வகையே இசைவாக இருக்கும்.

பெயரைப் பார்த்து மயங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சப்பாத்து நிறுவனங்களான இங்கிலாந்து நோர்தம்ப்டனின் சேர்ச்சஸ் 1873இலும் அமெரிக்கச் சிக்காகோவின் புளோர்ஷைம் 1892இலும் தொடங்கியவை. ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தரத்தில் சப்பாத்துகள் வந்துள்ளன. சுருக்கம் வேறு, வெடிப்பு வேறு என்பதை மட்டும் மறவாதீர்கள்: சுருக்கம் தோலுக்குப் பூசும் களிம்புக்கு இளகும், வெடிப்பு எதற்கும் ஆறாது. காய்ந்து கிடந்த சப்பாத்தைக் களிம்பு பூசி ஓரிரு நாள் ஊறவிடாமல் வளைத்துப் பார்ப்பவர், வெடிப்பைத் தாமே உண்டாக்குகிறார்.

யாழ்ப்பாணத்துக் காலநிலைக்கென்றே சில தவறுகள் உள்ளன. மாரி தொடங்கினால் பொலித்தீன் பையில் கட்டி அலுமாரிக்குள் வைத்த சப்பாத்தில் பூஞ்சணம் படர்வது நிச்சயம். துணிப்பையில், காற்றுப்படும் தட்டில் வைக்க வேண்டும். வெள்ளையாகப் படிந்ததெல்லாம் பூஞ்சணமல்ல. உள்ளங்கைச் சூட்டில் கரைந்து மறைந்தால் அது தோலிலிருந்து கசிந்த மெழுகு. பூஞ்சணமானால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் தூரிகையால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தோல் இறுகும். தேங்காயெண்ணெய் பூசுவது எங்கள் வீடுகளில் பழகிய வைத்தியம். அது தோலைக் கறுக்கச் செய்து, நாளடைவில் சிக்கு நாற்றத்தையும் தரும். பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையாலான அடிப்பாகம் உடையவற்றைப் பழையவையாக வாங்கவே வேண்டாம்; ஈரக்காற்றில் அது உள்ளிருந்தே சிதைந்து, ஒருநாள் நடக்கும்போது துண்டு துண்டாக உதிரும்.

இன்னொன்று, நாங்கள் வீட்டு வாசல், கோயில் வாசல் என்று ஒரு நாளில் பலமுறை சப்பாத்தைக் கழற்றுபவர்கள். அவசரத்தில் கயிற்றை அவிழ்க்காமல் பின்புறத்தை மிதித்துக் காலை நுழைப்பதால், குதியைத் தாங்கும் உள்விறைப்புத் தோல் நொறுங்கிவிடுகிறது; அது போனால் மீண்டும் எழுப்புவது மிகக் கடினம். கயிற்றைத் தளர்த்தி, கரண்டி ஒன்றைக் குதியின் பின்னே சொருகிக் காலை இறக்க வேண்டும். எங்கள் வாசலில் அதற்கென்றே ஒரு பழைய சோற்றுக்கரண்டி தொங்குகிறது. அம்மாவுக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை.