ஷேல் பாறையில் துத்தநாகம், ஈயம், பேரைட்: கோர் துண்டை எப்படிப் படிப்பது

முதலில் கோர் துண்டை (துளையிட்டு எடுத்த உருளை வடிவப் பாறையை) நன்றாக நனையுங்கள், காய்ந்த கறுப்பு ஷேலில் ஸ்பேலரைட் என்ற துத்தநாகத் தாது கண்ணுக்கே தெரியாது. அப்புறம் லென்ஸில் ஸ்பேலரைட்டின் நிறத்தைப் பாருங்கள்: பொதுவாக வெளிர் மஞ்சள் என்றால் இரும்பு குறைவு, கரும்பழுப்பு என்றால் அதிகம். அலாஸ்காவின் ரெட் டாக் துத்தநாக-ஈயத் தாதுப் படிவில் வெவ்வேறு கட்டங்களில் உருவான ஸ்பேலரைட் வெவ்வேறு நிறத்தில் இருக்கிறது, அதனால் எது எதை வெட்டிச் செல்கிறது என்று வரைந்து வைப்பது அவசியம், இதைத் தவிர்த்துவிட்டு ஆய்வக எண்களை மட்டும் பார்த்தால் படிவின் கதை பாதிதான் புரியும்.

வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு அடுக்கு வந்தால் சுண்ணாம்புக்கல் என்று முடிவு கட்டாதீர்கள். அது பேரைட்டாக (பேரியம் சல்பேட் கனிமமாக) இருக்கலாம். கையில் தூக்கிப் பாருங்கள்: பேரைட்டின் அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 4.5 கிராம், கனம் உடனே தெரியும், நீர்த்த அமிலம் விட்டாலும் சுண்ணாம்புக்கல் போல நுரைக்காது.

எக்ஸ் கதிர் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியில் ஒரு சிக்கல் உண்டு. பேரியத்தின் நிறமாலைக் கோடுகளும் டைட்டேனியத்தின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும், ஆகவே பேரைட் அடுக்கில் காட்டும் டைட்டேனியத்தை நம்ப வேண்டாம். ஆய்வகத்துக்கு அனுப்பும்போதும் உருக்கி அளக்கும் முறையைக் கேளுங்கள், ஏனென்றால் பேரைட் அமிலத்தில் சரியாகக் கரையாது, பேரியம் குறைவாகவே வரும்.

கடைசியாக, ஈயம்-துத்தநாக விகிதத்தை ஆழத்தோடு வரையுங்கள். பல படிவுகளில், உலோகங்களைக் கொண்டுவந்த வெந்நீர் மேலேறிய வழிக்கு அருகே அந்த விகிதம் அதிகமாகும்.