ஏர் நேவிகேஷனில் ஃபெயில் ஆனதை பைலட் நேர்காணலில் எப்படிச் சொல்வது?

இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் ஏர் நேவிகேஷன் (விமானம் போகும் வழியைக் கணக்கிடும் பாடம்) தாளில் தேற 70 சதவீதம் வேண்டும். நான் முதல் தடவை எடுத்தது 61, அடுத்தது 64, மூன்றாவதில்தான் தேறினேன். 200 மணி நேரம் பறந்து சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்கி ஒரு விமான நிறுவனத்தின் நேர்காணலில் போய் உட்கார்ந்தால், கேப்டன் நான் பறந்த மணிநேரம் பதிவான லாக்புக்கைத் திறக்கவே இல்லை, "நேவிகேஷன் மூணு அட்டெம்ப்டா?" என்றுதான் தொடங்கினார். அன்று தடுமாறி அந்த வேலையைக் கோட்டைவிட்டேன். அடுத்த இடத்தில் கிடைத்தது. நடுவில் நான் மாற்றியவை இவை.

முதலில், விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் எத்தனை அட்டெம்ப்ட் என்பதை உள்ளபடி எழுதுங்கள். வேலையில் சேர்ந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதிப்பார்கள், அங்கே தவறை ஒப்புக்கொண்டு திருத்துகிறவர்தான் தேவை.

அப்புறம், பதிலை நோட்டில் கையால் எழுதுங்கள், மூன்றே வாக்கியம்: என்ன நடந்தது, எதனால், எதை மாற்றினேன். என்னுடையது: "இரண்டு முறை தேறவில்லை. பழைய வினாக்களின் விடையை மனப்பாடம் செய்தேன், கணக்கைப் போடவில்லை. பிறகு தினமும் பத்துக் கணக்கு போட்டுத் தேறினேன்." கண்ணாடி முன் பேசிப் பழகுவது எனக்கு உதவவே இல்லை, முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். போனில் பதிவு செய்து கேளுங்கள். அரை நிமிடத்தைத் தாண்டினால் சாக்கு சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நான் விழுந்த இடம் இதற்கு அடுத்தது. பதில் முடிந்ததும் தோற்ற பாடத்திலிருந்தே கேள்வி வரும், அதை நான் எதிர்பார்க்கவில்லை. கேப்டன் ஒரு தாளில் கோடு போட்டு, "60 மைல் வந்தாச்சு, பாதையிலிருந்து 4 மைல் விலகிட்டீங்க, இன்னும் 120 மைல் இருக்கு. எத்தனை டிகிரி திருப்புவீங்க?" என்றார். 4 என்றேன். 60 மைலுக்கு 1 மைல் விலகினால் ஏறக்குறைய 1 டிகிரி என்பது கணக்கு, அதனால் 4 டிகிரி திருப்பினால் பழைய பாதைக்கு இணையாகத்தான் போவோம், ஊர் போய்ச் சேர மாட்டோம். 120 மைலில் அந்த 4 மைலை மூட இன்னொரு 2 டிகிரி வேண்டும், ஆக 6. பாடத்தைச் சரிசெய்துவிட்டேன் என்று சொன்ன வாயாலேயே தப்பாகச் சொன்னால் முன்னே சொன்னதை யார் நம்புவார்கள்? தேறிவிட்டோமே என்று விட்டுவிடாமல், நேர்காணலுக்கு முந்தைய இரண்டு வாரம் அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி போடுங்கள்.

பின்சேர்க்கை: ப்ளஸ் டூ இயற்பியலில் தவறி, துணைத் தேர்விலோ என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியாகவோ தேறியவர்கள் கேட்டிருந்தார்கள். முறை இதேதான், இறக்கை எப்படித் தூக்குவிசை தருகிறது என்பது போன்ற அடிப்படைகளைப் படம் வரைந்து விளக்கத் தயாராகப் போங்கள். அப்பாவின் அறுவை சிகிச்சை நடந்த மாதத்தில் தேர்வு எழுதியதைச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். தாராளமாகச் சொல்லுங்கள், ஒரே வாக்கியத்தில், எந்த மாதம் என்பதோடு. மூச்சு விடுவதற்குள் அடுத்த அட்டெம்ப்டுக்கு எப்படிப் படித்தீர்கள் என்பதற்கு வந்துவிடுங்கள்.