ஜெனரேஷன் கூடினால் வேகமும் கூடுமா?

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் லேப்டாப் வாங்க வருஷத்தில் இரண்டு சீசன். பாலக்காட்டில் ஓணம் ஆஃபர். அதை விட்டால் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூரில் தீபாவளி ஆஃபர். எங்கே போனாலும் காதில் விழுவது ஒன்றுதான்: "லேட்டஸ்ட் ஜெனரேஷனுங்க." லேப்டாப்பின் மூளையான பிராசஸர் சிப்பின் புதுத் தலைமுறை என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காகப் பணம் கட்டிவிடுவதுதான் முதல் தவறு.

பக்கத்துத் தோப்புக்காரர் மகன் இரண்டு பழைய லேப்டாப்களைப் பார்த்துவிட்டு வந்தான். விலை ஒன்றே. ஒன்றில் இன்டெலின் ஏழாம் ஜெனரேஷன் பிராசஸர் ஐ7-7500யூ, இன்னொன்றில் எட்டாம் ஜெனரேஷன் ஐ5-8250யூ. "ஐ7 தானேண்ணா பெருசு? கிகாஹெர்ட்ஸும் 2.7 போட்டிருக்கு, அதுல 1.6 தான்" என்றான். எண்களைச் சரியாகத்தான் படித்திருந்தான். ஆனால் அந்த ஐ7-இல் கோர், அதாவது சிப்புக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதி, இரண்டு, ஐ5-இல் நான்கு. இரண்டுக்கும் மின்சார வரம்பு அதே 15 வாட்தான் என்பதால், நான்கு கோரையும் ஓட்ட அடிப்படை வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். அவசர வேலை வந்தால் ஐ5 3.4 வரை ஏறும், ஐ7 3.5 வரை, அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. போதாக்குறைக்கு விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் 7500யூ கிடையாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. பையன் ஐ5-ஐ எடுத்தான்.

சரி, ஒரே வருஷத்தில் கோர் இரட்டித்ததே, எல்லா வருஷமும் இப்படித்தானா? அப்படி நினைத்துக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். டெஸ்க்டாப்பில் அடுத்தடுத்த ஜெனரேஷன்களான ஐ5-13600கே, ஐ5-14600கே இரண்டிலும் 14 கோர். உச்ச வேகம் மட்டும் 5.1-இலிருந்து 5.3 ஆனது. பழைய பஸ்ஸுக்குப் புதுப் பெயிண்ட்.

இரண்டு வருஷத்துக்கொரு முறை வேகம் இரட்டிக்கும் என்பதும் தவறான கணக்கு. இன்டெலை நிறுவியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965-இல் சொன்னது சிப்பில் அடங்கும் டிரான்சிஸ்டர் போன்ற உறுப்புகளின் எண்ணிக்கையைப் பற்றி. அப்போது வருஷத்துக்கு இரட்டிப்பு என்றவர், 1975-இல் அதை இரண்டு வருஷமாகத் திருத்தினார். கிகாஹெர்ட்ஸ் ஓட்டமோ 2004 வாக்கில், பெண்டியம் 4 3.8-ஐத் தொட்டபோது, சூட்டில் முட்டி நின்றுவிட்டது. கூடுதல் டிரான்சிஸ்டர்கள் அப்புறம் கோர், கேஷ் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவகம்), கிராஃபிக்ஸ் என்று போயின. வேலையைப் பல கோருக்குப் பிரித்துத் தரத் தெரியாத மென்பொருளுக்குப் புதுக் கோர்களால் பெரிய லாபமில்லை.

இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியில் பெயரே ஏமாற்றும். ரைசன் 5 7520யூ 2022-இல் வந்தது. உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 என்ற கோர் வடிவமைப்பு. இந்த 7000 லேப்டாப் வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 2 என்றால் ஜென் 2, 4 என்றால் ஜென் 4.

பையனின் அப்பாவும் தேங்காய்க் கணக்குக்குப் புது கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவே ஐந்து நிமிஷமாம். ஹார்டு டிஸ்கைக் கழற்றி, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டேன், பிராசஸரைத் தொடவில்லை. மறுநாள் ஆன் செய்துவிட்டுப் பழக்கதோஷத்தில் டீ குடிக்கப் போனவர், அதற்குள் அது ஆன் ஆகிவிட்டதால் வாசலிலிருந்தே திரும்பி வந்தார்.