ஃபேட்டி லிவர்னு ஸ்கேன்ல வந்தா முதல்ல ராத்திரி சாப்பாட்டை மாத்துங்க

கிரேடு 1 ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரல்ல கொழுப்பு சேர்ற ஆரம்ப நிலைனு ரிப்போர்ட் வந்ததும் நான் முதல்ல பண்ணது எண்ணெயை குறைச்சதுதான், ஆனா ராத்திரி பத்தரைக்கு அஞ்சு தோசை, அது மேல சர்க்கரை போட்ட பால், அதை மட்டும் விடவே இல்ல. பிரச்சனையே அங்கதான் இருந்துச்சு.

கல்லீரல் செல்லுக்குள்ள நியூக்ளியர் ரிசெப்டர்னு சில புரதங்க இருக்கு. கொழுப்பு அமிலம், கொழுப்பை செரிக்க கல்லீரல் செய்யற பித்த அமிலம் மாதிரி ஏதாவது வந்து ஒட்டினா எந்த ஜீன் ஓடணும் எது நிக்கணும்னு இதுங்கதான் மாத்தும். பிபிஏஆர் ஆல்ஃபானு ஒண்ணு, வயிறு காலியா இருக்கிறப்போ கொழுப்பை எரிக்கிற ஜீனையெல்லாம் எழுப்பி விடும். சாப்பிட்டு இன்சுலின் ஏறிட்டா அது அடங்கிடும், எல்எக்ஸ்ஆர்னு இன்னொண்ணு இன்சுலினோட சேந்து மிச்சமான மாவுச்சத்தை கொழுப்பாக்கற வேலைய முடுக்கும். அதனால லேட்டா சாப்பிட்டுட்டு காலைல ஏழு மணிக்கே மறுபடி காபி பிஸ்கட்னா எரிக்கிறதுக்கு டைமே கிடைக்காதுங்க.

ராத்திரி ஏழரைக்குள்ள முடிச்சிடுங்க, காலைல ஏழரை வரைக்கும் வெறும் தண்ணி. பன்னெண்டு மணி நேரம் போதும், பட்டினி கிடக்க வேணாம். சுகருக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட கேக்காம இத செய்யவே கூடாது, லோ சுகர் ஆயிடும்.

தட்டுல தோசை ரெண்டு போதும், கூட ஒரு கிண்ணம் சுண்டலோ கீரைக்கூட்டோ. நார்ச்சத்துக்கு இதுல பெரிய வேலை இருக்கு. குடல்ல பித்த அமிலத்தை பிடிச்சு வெளிய கொண்டு போயிடும், பித்த அமிலம் குறைஞ்சத எஃப்எக்ஸ்ஆர்ங்கிற ரிசெப்டர் உணர்ந்து, பித்த அமிலம் செய்யற வேலைக்கு போட்டிருந்த பிரேக்கை எடுக்கும், கல்லீரல் கொலஸ்ட்ரால எடுத்து புதுசா பித்த அமிலம் செய்யும். கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்கறது இப்படித்தான். ஜூஸ், கூல்டிரிங்க்ஸ் சுத்தமா வேணாம், அதுல இருக்கிற ஃப்ரக்டோஸ் நேரா கல்லீரலுக்குத்தான் போகுது.

டிரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்புக்கு குடுக்கிற ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை தட்டி எழுப்பறதும் அதே பிபிஏஆர் ஆல்ஃபாவைத்தான். நம்ம நாட்டுல கிடைக்கிற சரோகிளிடசார் மாத்திரை அதோட பிபிஏஆர் காமாங்கிற இன்னொரு ரிசெப்டரையும் சேத்து எழுப்பும். 2024ல அமெரிக்கால அனுமதி வாங்கின ஃபேட்டி லிவர் மாத்திரை ரெஸ்மெடிரோம் வேற ரகம், அது தைராய்டு ரிசெப்டர் பீட்டாவுக்கு. இதெல்லாம் மெடிக்கல்ஷாப்ல நாமளா கேட்டு வாங்கிற சமாச்சாரம் இல்ல.

எடையையும் குறிச்சு வைங்க. 80 கிலோ இருக்கிறவங்க 4 கிலோ இறக்கினாலே கல்லீரல் கொழுப்பு குறைய ஆரம்பிக்கும், கல்லீரல்ல வீக்கம் (அழற்சி) இருந்தா அது தணிய 6லருந்து 8 கிலோ வரைக்கும் இறக்கணும்.