மெக்டொனால்ட்ஸ் ஆல் அமெரிக்கன்: ஸ்கோரை விட்டு ஆளைப் பாருங்கள்

அமெரிக்கப் பள்ளி இறுதி வகுப்பின் சிறந்த 24 மாணவர்கள் கிழக்கு, மேற்கு என இரு அணிகளாக மோதும் கூடைப்பந்து ஆட்டம் இது. 2002 முதல் மாணவியருக்கும் தனி ஆட்டம் உண்டு. 1981இல் மைக்கேல் ஜோர்டன் 30 புள்ளிகள் எடுத்தது இங்கேதான்.

ஆனால் புள்ளிகளை வைத்து யாரையும் எடை போடாதீர்கள். சேர்ந்து பயிற்சி எடுப்பது சில நாட்கள்தான். தடுப்பாட்டம் தளர்வாக இருக்கும், டங்க் (எகிறிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் திணிப்பது) மழையாகப் பொழியும். பந்தையே பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஒரே ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்து, பந்து அவரிடம் இல்லாதபோது ஐந்து நிமிடம் கவனியுங்கள். எதிரணி பந்தைப் பறித்ததும் திரும்பி ஓடுகிறாரா? சக வீரரைத் தாண்டி எதிரி கூடைக்கு வரும்போது உதவிக்கு நகர்கிறாரா? ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் தெறிக்கும் பந்தைப் பிடிப்பதற்கு) முன் எதிராளியை முதுகால் மறித்து நிற்கிறாரா? இந்தப் பழக்கங்கள் கல்லூரிக்கும் கூடவே போகும்.

மூன்று புள்ளி எறிதலில் பந்து விழுந்ததா என்பதைவிடப் பாதங்கள் முன்கூட்டியே தயாரா என்று பாருங்கள். நான்கைந்து எறிதல்களில் சதவீதம் கணக்கிடுவது வீண்.

முடிந்தால் பயிற்சிக் காணொளிகளைத் தேடிப் பாருங்கள். என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) தேர்வாளர்கள் ஆட்டத்தைவிடப் பயிற்சியையே பெரிதாக மதிப்பார்கள், அங்கேதான் உண்மையான போட்டி நடக்கும். பிறகு அவரது பள்ளி ஆட்டம் ஒன்றையாவது முழுதாகப் பார்த்து ஒப்பிடுங்கள்.