ஹாஃப் ஃப்ரேம் கேமராவில் உங்கள் முதல் ரோல்: சென்னை வெளிச்சத்தில் ஒரு செய்முறை

சாதாரண 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் ஒரு படத்துக்கு 36×24 மி.மீ. இடம் போகும். ஹாஃப் ஃப்ரேம் கேமரா அதில் பாதியை, அதாவது 18×24 மி.மீ. இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். 36 படத்துக்கான ரோலில் 72 படம் வரும். ஃபிலிம் விற்கிற விலையில் புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

இந்த அளவு நம் ஊருக்குப் பழக்கமானதும்கூட. 35 மி.மீ. சினிமா ஃபிலிமின் ஓரத்தில் ஒரு ஃப்ரேமுக்கு நான்கு துளைகள். ஹாஃப் ஃப்ரேமுக்கும் அதே நான்கு. கோடம்பாக்கத்தில் பல தலைமுறைகள் வெட்டி ஒட்டிய ஃபிலிமின் அளவுதான் இது. சினிமாவில் ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடுவதால் படம் படுக்கைவாக்கில் விழும். நம் கேமராவில் பக்கவாட்டில் ஓடுவதால் நெட்டுக்குத்தாக விழும். சினிமாவைப் போலவே இதிலும் ஒரு படம் பக்கத்துப் படத்தோடு சேர்ந்துதான் பேசும். அதனால் தொடக்கத்திலிருந்தே ஜோடியாக எடுக்கப் பழகுங்கள் என்பதுதான் இந்தப் பதிவில் நான் வற்புறுத்தப்போவது.

1. கேமரா

2022இல் வந்த கோடக் எக்டார் எச்35 மாதிரியான பிளாஸ்டிக் கேமரா போதும். லென்ஸ் 22 மி.மீ., அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் குறைந்தால் துளை பெரிது) எஃப் 9.5, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/100 நொடி. எதையும் மாற்ற முடியாது, ஃபோகஸ் செய்யவும் வேண்டாம். நாலைந்து அடிக்கு அப்பால் இருப்பதெல்லாம் ஓரளவு தெளிவாக விழும். அதைவிட நெருங்கினால் மங்கும்.

பழைய ஒலிம்பஸ் பென் கேமராக்கள் அழகானவை. யோஷிஹிசா மைத்தானி வடிவமைத்த முதல் பென் 1959இல் வந்தது, நம் அண்ணா சாலை எல்ஐசி கட்டடம் திறந்த அதே ஆண்டு. ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஷட்டர் ஒட்டுகிறதா, லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா, வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். முதல் கேமராவுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

2. ஃபிலிம்

கேமராவில் எதையும் மாற்ற முடியாததால், வெளிச்சத்துக்கு ஏற்ற ஃபிலிமைப் போடுவதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே கட்டுப்பாடு. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாக உணரும் என்பதைச் சொல்லும் எண் ஐஎஸ்ஓ. பளீரென்ற வெயிலில் 200 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு எஃப் 16, 1/200 நொடி சரியான அளவு. நம் கேமராவின் எஃப் 9.5, 1/100 அதைப்போல ஐந்தரை மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். கேட்க பயமாக இருக்கும். ஆனால் கலர் நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சம் கூடினால் தாங்கிக்கொள்ளும். குறைந்தால்தான் நிழல்கள் சேறாகி, படம் வெளிறிப்போகும்.

ஆகவே கடற்கரை, மைதானம், நடு வெயில் என்றால் கோடக் கலர்பிளஸ் 200 அல்லது கோல்டு 200. மரநிழல், சந்து, மழைக்கால மூட்டம் என்றால் அல்ட்ராமேக்ஸ் 400. 400இல் குருணை, அதாவது படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள், அதிகம்; படம் சின்னது என்பதால் பெரிதாக்கும்போது இன்னும் தெரியும். எனக்கு அது பிடிக்கும். கருப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்டு எச்பி5. நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமை இதில் போடவே வேண்டாம், கூடுதல் வெளிச்சத்தை அது மன்னிக்காது. சினிமா ஃபிலிமைச் சுருட்டி மலிவாக விற்பார்கள். அதில் பலவற்றின் முதுகில் கரிப்பூச்சு இருக்கும், கழுவும் முறையும் வேறு. உங்கள் லேப் அதை வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்திருந்த ரோலை உடனே டப்பாவிலிருந்து எடுக்காதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் குளிர்ந்த ஃபிலிம் வியர்த்துவிடும். ஒரு மணி நேரமாவது வெளியே கிடக்கட்டும், பிறகு திறக்கலாம்.

3. ரோல் போடுவது

நிழலில் நின்று செய்யுங்கள். பின்கதவைத் திறந்து, ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் குமிழை மேலே இழுங்கள். ரோலை இடப்பக்கக் குழியில் வைத்துக் குமிழை மறுபடி அமுக்குங்கள். ஃபிலிமின் நாக்கை வலப்பக்கம் இழுத்து, அங்கிருக்கும் அச்சின் பிளவில் செருகுங்கள். பின்னாலிருக்கும் சக்கரத்தைக் கட்டைவிரலால் கொஞ்சம் உருட்டி, பல்லும் துளையும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே கதவை மூடுங்கள்.

அடுத்து வருவதுதான் முக்கியம். ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்பி, உள்ளே தொளதொளவென்று இருக்கும் ஃபிலிமை இறுக்குங்கள். லேசாகத் தடுத்ததும் நிறுத்திவிடுங்கள். இப்போது ஷட்டரை அழுத்திவிட்டுச் சக்கரத்தை உருட்டினால், அந்தக் கைப்பிடி தானாக எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். சுற்றினால் ஃபிலிம் ஓடுகிறது. சுற்றாவிட்டால் நாக்கு கழன்றுவிட்டது, திறந்து மறுபடி செருகுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அந்தக் கைப்பிடியை ஒரு பார்வை பார்ப்பது நல்ல பழக்கம்.

4. வெளிச்சம் பார்த்து நிற்பது

சென்னை கிழக்கே பார்த்த ஊர். காலை ஏழு மணிக்கு மெரினாவில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால், காமராஜர் சாலையில் விவேகானந்தர் இல்லமும் மாநிலக் கல்லூரியும் முகம் நிறைய வெயிலோடு நிற்கும். 200 ஃபிலிமுக்கு அது தாராளம். மாலையில் போனால் சூரியன் அந்தக் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும், முகப்பெல்லாம் நிழல்தான். 400 ஃபிலிம் இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுங்கள்.

சவுகார்பேட்டை பக்கம் கணக்கு வேறு. மின்ட் தெரு வடக்கு தெற்காக ஓடுவதால் உச்சிவேளையில்தான் வெயில் தரை வரை இறங்கும். மற்ற நேரமெல்லாம் மாடிச்சுவர்களில்தான் நிற்கும். அங்கே 400தான்.

கேமராவைச் சாதாரணமாகப் பிடித்தாலே படம் நெட்டுக்குத்தாக வரும் என்பதால் மயிலாப்பூர் கிழக்குக் கோபுரம், கலங்கரை விளக்கம், தென்னை, வரிசையில் நிற்கும் மனிதர் எல்லாம் பொருத்தமாக அமையும். வியூஃபைண்டர் லென்ஸுக்குச் சற்றுத் தள்ளி இருப்பதால், கிட்டத்தில் எடுக்கும்போது தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள்.

மனிதர்களை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். "அண்ணா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றால் பெரும்பாலும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள். எடுத்ததும் "காட்டு பாப்போம்" என்று பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். கழுவிய பிறகுதான் தெரியும் என்று சொல்லுங்கள், பிரிண்ட் போட்டதும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

5. ஜோடியாக எடுப்பது

கேமராவைக் கிடையாகப் பிடித்து இரண்டு படம் எடுத்தால், முதல் படம் இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் வரும். நாம் வாசிக்கும் திசைதான். முதலில் ஒருவர் எதையோ பார்க்கிறார், அடுத்து அவர் பார்ப்பது. முதலில் காசிமேட்டில் படகின் மூக்கு, அடுத்து ஏலக் கூட்டம். முதலில் பறக்கும் ரயிலின் ஜன்னல், அடுத்து பிளாட்பாரத்தில் ஓடி வருபவர். இரண்டும் ஒரே தூரத்தில் எடுத்தவையாக இருந்தால் சப்பென்று போகும். ஒன்றைத் தள்ளி நின்றும் மற்றதைக் கிட்டப் போயும் எடுத்துப் பாருங்கள்.

கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் படங்கள் கிடையாக வரும், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும். ஷட்டர் பொத்தான் இருக்கும் வலப்பக்கம் கீழே இருக்கும்படி திருப்பினால் முதல் படம் மேலே, இரண்டாவது கீழே. பொத்தான் மேலே இருந்தால் இது தலைகீழ். வாசலோரம் நின்று காபி ஆற்றும் மாஸ்டரை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானைக் கீழே வைத்து, முதலில் உயரத்தில் டம்ளரைச் சாய்க்கும் கை. அடுத்து நுரை விழும் டபரா. அடுக்கிப் பார்த்தால் காபி ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குள் இறங்கும். இந்த மகிழ்ச்சியை வேறு கேமராவில் இவ்வளவு சுலபமாக நான் பெற்றதில்லை.

6. ஃப்ளாஷ்

எச்35இல் ஒரு ஏஏஏ பேட்டரி போட்டு, லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பினால் ஃப்ளாஷ் தயாராகும். விளக்கு எரியும் வரை காத்திருங்கள். வீட்டுக்குள்ளும் பொழுது சாய்ந்த பிறகும் இது இல்லாமல் எடுக்க வேண்டாம். சில அடி தூரத்தில் இருப்பவருக்குத்தான் இது உதவும். தெருக்கோடி வரை எட்டாது.

7. சுற்றி எடுத்து லேபுக்குக் கொடுப்பது

சக்கரம் இறுகி நின்றால் ரோல் முடிந்தது, பலவந்தப்படுத்தாதீர்கள். அடிப்பக்கப் பொத்தானை அழுத்தி, கைப்பிடியை அம்புக்குறிப்படி சுற்றுங்கள். இழுவை சட்டென்று தளர்ந்ததும் இன்னும் சில சுற்றுச் சுற்றிவிட்டுத் திறங்கள்.

மெட்ரோ ஸ்டேஷன்களில் பை ஸ்கேனருக்குள் போகும். 200, 400 ஃபிலிம்களுக்கு ஓரிரு முறை போவதால் கெடுதல் இல்லை. தினமும் போகிறவர்கள் ரோலைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். விமான நிலையத்தில் சிடி ஸ்கேனர் இருந்தால் கட்டாயம் கையில் கொடுங்கள்.

லேபில் இது ஹாஃப் ஃப்ரேம் என்று ரோலின் மேலேயே எழுதிக் கொடுங்கள். இரண்டு படத்தையும் சேர்த்து ஒரே ஸ்கேனாகக் கேளுங்கள். தனித்தனியாக என்றால் வேலை இரட்டிப்பு, கட்டணத்தையும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. சேர்த்து ஸ்கேன் செய்யும்போது உங்கள் ஜோடி தப்பி, இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து வரக்கூடும். அப்படி வந்தால் தனித்தனியாக வெட்டி, மொபைலிலேயே சரியான ஜோடியாக ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் வந்தபடி ஒருமுறை பார்த்துவிட்டு வெட்டுங்கள், நீங்கள் நினைக்காத நல்ல ஜோடி அதில் இருக்கலாம்.

நெகட்டிவை மறக்காமல் திருப்பி வாங்குங்கள். ஸ்லீவில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும். அதற்கு முன் ஜெல்லை மாற்றிவிடுங்கள்.