டிவி கேம் துப்பாக்கிக்கு மறுபிறவி: வீ ரிமோட்டை வைத்து வாத்து சுடுவது எப்படி?

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி வந்துவிடும். நான் பள்ளியில் படித்தபோது ஒரு தீபாவளிக்கு மாமா பொள்ளாச்சியிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். இரண்டு கன்ட்ரோலர், ஒரு மஞ்சள் கேசட், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. அந்தத் துப்பாக்கிக்காகவே தெருப் பையன்கள் எங்கள் திண்ணையில் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

போன வருடம் பரணைச் சுத்தம் செய்தபோது அது மறுபடியும் கையில் கிடைத்தது. அக்கா மகன் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மாமா, இது எதுக்கு?”

“டிவியில வாத்து சுடறதுக்குக் கண்ணு.”

“சுட்டுக் காட்டுங்க.”

ஹாலில் இருந்த எல்இடி டிவியில் மாட்டினேன். கேம் ஓடியது, வாத்து பறந்தது, ஆனால் எத்தனை முறை சுட்டாலும் ஒன்றுகூட விழவில்லை. துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. அதற்குத் தேவையான பழைய ட்யூப் டிவியை நாங்கள் எப்போதோ ஆக்ரிக்கடையில் போட்டுவிட்டோம். அன்று அவன் முகம் வாடியதைப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன். இப்போது எங்கள் வீட்டில் வாத்துகள் ஒழுங்காக விழுகின்றன. கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை நிறுவத் தெரிந்தால் போதும், நீங்களும் செய்யலாம்.

பழைய துப்பாக்கி ஏன் சுடவில்லை?

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. குழலுக்குள் இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு சின்னக் கண் மட்டும்தான். 1984இல் நின்டென்டோ நிறுவனம் வெளியிட்ட டக் ஹண்ட் என்ற வாத்து சுடும் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் வரும். துப்பாக்கி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால் குறி சரி என்று கணக்கு. சின்ன வயதில் துப்பாக்கியைக் குண்டு பல்பின் பக்கம் திருப்பி ஏமாற்றப் பார்த்திருக்கிறோம். அந்தக் கறுப்புத் திரையே அதைத் தடுக்கத்தான். பல்பு எப்போதும் எரிவதால் துப்பாக்கி இருட்டைப் பார்க்காது, ஆகவே குறி தப்பியதாகிவிடும்.

இதெல்லாம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். ட்யூப் டிவி, சிக்னல் வந்த அந்தக் கணமே படத்தை வரைந்துவிடும். எல்இடி டிவியோ படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் கேம் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் முடிந்துவிடும். நின்டென்டோவின் அசல் துப்பாக்கியான ஸாப்பர் ட்யூப் டிவியின் வெளிச்சத் துடிப்பைக்கூடத் தேடும், அதுவும் இந்த டிவிகளில் கிடையாது. எனவே பழைய துப்பாக்கியைப் பழுது பார்த்துப் பயனில்லை. திரையைப் பார்க்காமலேயே குறி பார்க்கும் வேறொரு கருவி வேண்டும்.

வீ ரிமோட் எதைப் பார்க்கிறது?

2006இல் வந்த நின்டென்டோ வீ என்ற கேம் பெட்டியின் ரிமோட்தான் அந்தக் கருவி. அதன் முன்முனையில் கறுப்புப் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒரு குட்டிக் கேமரா இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி மட்டும் அதற்குத் தெரியும். ஒரே நேரத்தில் நான்கு ஒளிப் புள்ளிகள் வரை பின்தொடரும். டிவிக்கு மேலோ கீழோ வைக்கும் ‘சென்சார் பார்’ என்ற பட்டை பெயரளவில்தான் சென்சார். உண்மையில் அது இரு முனையிலும் அகச்சிவப்பு எல்இடி வைத்த வெறும் விளக்கு, எதையும் அது உணர்வதில்லை.

ரிமோட் அந்த இரண்டு வெளிச்சங்களைப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுப்புள்ளி எங்கே என்பதை வைத்து நீங்கள் எந்தப் பக்கம் நீட்டுகிறீர்கள் என்று தெரிகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்கிறது. சாய்வைப் பார்த்தால் கையை எவ்வளவு திருப்பியிருக்கிறீர்கள் என்று புரிகிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ரிமோட்டுக்கு டிவி தெரியாது, இரண்டு விளக்கு மட்டுமே தெரியும். பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் விடை இதில்தான் இருக்கிறது.

வாங்க வேண்டியவை

ஒரு வீ ரிமோட், ஒரு மேஃப்ளாஷ் டால்ஃபின்பார், டிவியில் எச்டிஎம்ஐ வயரால் இணைத்த ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். ரிமோட்டுக்கு இரண்டு டபுள்-ஏ பேட்டரி. அவ்வளவுதான்.

சாதாரண சென்சார் பார் போதாதா என்று கேட்பீர்கள். அதற்கு மின்சாரம் வீ பெட்டியிலிருந்துதான் வரும், கம்ப்யூட்டரில் மாட்ட முடியாது. டால்ஃபின்பாரில் யுஎஸ்பி வயர், அகச்சிவப்பு விளக்குகள், ரிமோட்டோடு பேசும் ப்ளூடூத் மூன்றும் ஒரே பட்டையில் இருக்கின்றன. கம்ப்யூட்டரின் சொந்த ப்ளூடூத்தில் ரிமோட்டை இணைக்கவும் வழி உண்டு. ஆனால் முதல் முறை செய்பவர்களுக்கு அது பொறுமையைச் சோதிக்கும், வேண்டாம்.

ரிமோட் பழையதாக இருந்தாலும் அசலாக வாங்குங்கள். நான் முதலில் மலிவாகக் கிடைத்த ஒரு நகலை வாங்கினேன். பட்டனெல்லாம் வேலை செய்தது, குறி மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

இணைத்தல்

டால்ஃபின்பாரை டிவியின் கீழ் விளிம்பில், சரியாக நடுவில் வைத்து யுஎஸ்பியைச் செருகுங்கள். விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து பட்டையைக் காட்டுங்கள், இரு முனையும் ஊதா நிறத்தில் மினுங்கும். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருப்பதால் முன்கேமராவே நல்லது.

பாரில் உள்ள சிங்க் பட்டனை அழுத்துங்கள். ரிமோட்டின் பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னச் சிவப்புப் பட்டன் இருக்கும், அதையும் அழுத்துங்கள். ரிமோட்டின் நான்கு நீல விளக்குகளும் மின்னிக்கொண்டே இருந்து, சேர்ந்ததும் நின்றுவிடும்.

அடுத்து மோட். பாரிலுள்ள மோட் பட்டனை அழுத்த அழுத்த எண் மாறும். மோட் 4 டால்ஃபின் என்ற வீ எமுலேட்டருக்கானது (எமுலேட்டர் என்றால் கம்ப்யூட்டரை வேறொரு கேம் பெட்டியாக நடிக்க வைக்கும் மென்பொருள்), அதில் வைத்தால் மவுஸ் அசையாது. நிறையப் பேர் இங்கேதான் மாட்டிக்கொண்டு ரிமோட் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். நமக்கு வேண்டியது மோட் 1. ரிமோட்டை டிவியை நோக்கி நீட்டினால் மவுஸ் அம்பு கூடவே வர வேண்டும்.

வந்துவிட்டதா? சரி, இப்போது நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பாருங்கள். எது இடது கிளிக், எது எழுத்து அடிக்கிறது, எது எதுவும் செய்யவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் பிறகு வேண்டியிருக்கும்.

மெழுகுவத்திச் சோதனை

இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவசியம் செய்து காட்டுங்கள், பாடப்புத்தகத்தில் ஒளியைப் பற்றிப் படிப்பதைவிட நன்றாகப் பதியும். பாரின் இரு முனையையும் அலுமினியத் தாளால் மூடுங்கள். அம்பு நின்றுவிடும். இப்போது டிவிக்கு முன்னால் மேசையில் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு மெழுகுவத்தி ஏற்றுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ரிமோட்டை நீட்டினால் அம்பு மறுபடியும் நகரும்! தீச்சுடரும் அகச்சிவப்பை வெளியிடுகிறது, ரிமோட்டுக்கு எல்இடியும் மெழுகுவத்தியும் ஒன்றுதான். அக்கா மகன் அன்று வாயடைத்து நின்றான். பிறகு அவனே கேட்டான், “அப்ப சாமி விளக்கும் தெரியுமா மாமா?”

தெரியும். கார்த்திகை தீபத்தன்று அது நிரூபணமானது. அம்மா ஹால் ஜன்னல் கட்டையில் வரிசையாக அகல் வைத்திருந்தார். பக்கத்து வீட்டுச் சேச்சியின் பிள்ளைகளும் வந்திருந்தார்கள், அவர்களுக்குக் காட்டலாமென்று கேமைப் போட்டேன். குறி திரையின் மூலைக்கு மூலை துள்ளியது. பேட்டரி மாற்றினேன், மறுபடி சிங்க் செய்தேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அரைமணி நேரம் கழித்துத்தான் ஜன்னலைப் பார்த்தேன். ஏழு விளக்கு! எந்த இரண்டை நம்புவது என்று பாவம் ரிமோட்டுக்குத் தெரியவில்லை.

குண்டு பல்பு, டிவிக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல், சாயங்கால வெயில் எல்லாமே இதே தொல்லையைத் தரும். எங்கள் ஹால் மேற்குப் பார்த்தது, ஐந்து மணி வெயில் நேராக உள்ளே விழும். ஒரு கெட்டித் திரைச்சீலை போட்டதும் சரியானது. அறையில் எல்இடி பல்போ ட்யூப்லைட்டோ எரியலாம், அவற்றில் அகச்சிவப்பு மிகக் குறைவு.

நிற்கும் இடம்

டிவியிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல், மூன்று மீட்டருக்கு மிகாமல் நில்லுங்கள். மிக அருகில் போனால் ஒரு விளக்கு கேமராவின் பார்வையை விட்டு வெளியே போய்விடும். மிகத் தள்ளிப் போனால் இரண்டும் மங்கலாக, மிக நெருக்கமாகத் தெரியும். நாங்கள் இரண்டு மீட்டரில் கோலமாவால் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறோம்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பழைய துப்பாக்கியில் ஒரு கண்ணை மூடிக் குழல் வழியாகக் குறி பார்ப்போமே, அது இதில் முழுதாக வராது. ரிமோட்டுக்குத் தெரிவது இரண்டு புள்ளிதான், திரையின் நான்கு மூலை அல்ல. எனவே ரிமோட் காட்டும் இடமும் குறி நிற்கும் இடமும் கொஞ்சம் விலகும். திரையில் தெரியும் குறியைப் பார்த்துச் சுடப் பழக வேண்டும். பத்து நிமிடத்தில் கை பழகிவிடும்.

ரெட்ரோஆர்ச்சில் அமைப்பு

ரெட்ரோஆர்ச் பழைய கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் இலவச மென்பொருள். நிறுவித் திறந்து, ‘லோட் கோர்’ உள்ளே ‘டவுன்லோட் எ கோர்’ போய் எஃப்சிஇயு-எம்எம் என்ற கோரை இறக்குங்கள். அது பழைய நின்டென்டோவாக, அதாவது நம்முடைய டிவி கேம் எதைப் பார்த்துச் செய்யப்பட்டதோ அந்தப் பெட்டியாக, கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும். உங்களிடம் உள்ள கேசட்டின் பிரதியையோ, ஆர்வலர்கள் புதிதாக எழுதி இலவசமாகத் தரும் கேம்களையோ ‘லோட் கன்டென்ட்’ வழியாகத் திறங்கள்.

கேம் ஓடும்போது எஃப்1 அழுத்தினால் மெனு வரும். ‘குயிக் மெனு’, ‘கன்ட்ரோல்ஸ்’, ‘போர்ட் 2 கன்ட்ரோல்ஸ்’ என்று போய் ‘டிவைஸ் டைப்’ என்பதை ‘ஸாப்பர்’ ஆக்குங்கள். போர்ட் 2 என்பதைக் கவனியுங்கள். டக் ஹண்டுக்குத் துப்பாக்கியை எப்போதும் இரண்டாவது துளையில்தான் செருக வேண்டும், கம்ப்யூட்டரிலும் அதே விதி. நான் போர்ட் 1இல் வைத்துவிட்டு ஒரு மாலைப் பொழுதையே வீணாக்கினேன்.

அப்புறம் ‘குயிக் மெனு’வில் ‘கோர் ஆப்ஷன்ஸ்’ போய் ஸாப்பர் மோடை ‘லைட்கன்’ ஆக்குங்கள். திரையில் குறி தெரிய ‘கிராஸ்ஹேர்’ இருந்தால் அதையும் போடுங்கள். பின் முதன்மை ‘செட்டிங்ஸ்’, ‘இன்புட்’, ‘போர்ட் 2 கன்ட்ரோல்ஸ்’ போய் ‘கன் ட்ரிகர்’ என்ற வரியில் இடது கிளிக் எதுவென்று தாளில் குறித்தீர்களோ அந்தப் பட்டனை அழுத்திப் பதியுங்கள். குறி அசையவே இல்லையென்றால் அதே பக்கத்தில் ‘மவுஸ் இன்டெக்ஸ்’ இருக்கும். கம்ப்யூட்டர் உங்கள் மேசை மவுஸைப் பார்த்துக்கொண்டிருக்கும், எண்ணை ஒவ்வொன்றாக மாற்றி ரிமோட்டுக்கு வரும் வரை பாருங்கள்.

எல்லாம் சரியானதும் ‘கன்ட்ரோல்ஸ்’ உள்ளேயே ரீமேப் ஃபைலைச் சேமித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு மறுபடி முதலிலிருந்து.

எல்இடி டிவியின் தாமதம் இங்கே ஏன் தடுக்கவில்லை என்றால், எமுலேட்டர் உங்கள் டிவியைப் பார்ப்பதே இல்லை. விசையை அழுத்திய கணத்தில் குறி நின்ற இடத்தில் வெள்ளைச் சதுரம் இருக்கிறதா என்று தன் நினைவகத்தில் உள்ள படத்திலேயே பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் டிவியில் ‘கேம் மோட்’ இருந்தால் போட்டுவிடுங்கள், கைக்கும் கண்ணுக்கும் இடையில் இழுவை குறையும்.

ஒரு எச்சரிக்கை. இந்த கேம்களில் ஒவ்வொரு முறை சுடும்போதும் திரை பளிச்சிடும். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஆட விடாதீர்கள்.

வாத்து அலுத்துவிட்டால் சேகா மாஸ்டர் சிஸ்டத்தின் லைட் ஃபேசர், சூப்பர் நின்டென்டோவின் சூப்பர் ஸ்கோப், பிளேஸ்டேஷனின் கன்கான் எல்லாவற்றுக்கும் இதே ரிமோட் போதும். கோரை மாற்றி, ‘டிவைஸ் டைப்’பில் அந்தந்தத் துப்பாக்கியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த வருடம் கார்த்திகைக்கு அகல்களை ரிமோட்டின் முதுகுப் பக்கம், எதிர்ச் சுவர் ஓரமாக வைத்துப் பார்த்தோம். அப்போதும் குறி துள்ளியது. பளபளப்பான டிவித் திரையில் சுடர்கள் பட்டுத் திரும்பி, ரிமோட் அவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தது. விளக்குகளைத் திண்ணைக்கு மாற்றி வாசல் கதவைச் சாத்திய பிறகுதான் முதல் வாத்து விழுந்தது.